பேர் கூப்பிடும் ஞாயிறு

ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டுருங்க அக்கா, நீங்க நடுவுல உக்காருங்க. எனக்கு இந்த ஓரம்தான் சரி. முட்டியை மடக்கினா திரும்ப நிமித்தறதுக்கு ஒரு ஆள் வேணும். பெட்டி இடிக்குதா? தனிஸ், பெட்டியை உன் பக்கம் இழு. டேய்! பாருங்க, இழுக்க மாட்டான். நீங்களே காலால தள்ளிவிடுங்க. தகரப் பெட்டிதான், ஒண்ணும் உடையாது.

என் மகன்தான். தனிஸ்லாஸ். ஆறாவது படிக்கிறான். நம்ம பக்கத்துக் காதுல பஞ்சு வச்சிருக்கான் பாத்தீங்களா, அது கேக்காது. இனிமேலும் கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால நாம தாராளமாப் பேசலாம்.

என் குரல் பெருசா இருக்கா? இவன் காது போனதுலேருந்து வீட்ல கத்திக் கத்தியே பழகிப்போச்சு. முன் சீட்டுக்காரர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துட்டார். பார்க்கட்டும். நாமளும் டிக்கெட் எடுத்துத்தானே ஏறியிருக்கோம்.

நீங்க தென்காசிக்கா? மகளுக்குப் பிரசவமா? நல்லபடியா ஆகட்டும், மாதா துணையிருப்பா. நாங்க அவ்வளவு தூரம் இல்லை. ஆத்துப்பாலம் தாண்டினதும் ஒரு மாதா கோயில் கோபுரம் தெரியும்ல, அங்கதான். போர்டிங் ஸ்டாப்னு கண்டக்டரே கத்துவார். சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள இவனை உள்ளே விட்டாகணும். இன்னைக்கு விடலைன்னா இடத்தை வேற பையனுக்குக் குடுத்துருவோம்னு வார்டன் சாமி போன்ல சொல்லிட்டார். காது வைத்தியம் அது இதுன்னு ரெண்டு மாசமா வீட்ல கிடக்கான். ஒரு வார்த்தை பேசினானா? காதுதானே போச்சு, வாயுமா போச்சு?

இவன் அப்பா காலையில வாசப்படியில நின்னு ஒப்பாரி வைக்காத குறை. "ஜெசிந்தா, வேணாம். இங்கேயே பக்கத்துப் பள்ளிக்கூடத்துல போட்டுருவோம். பிள்ளை முகத்தைப் பாரு." முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா பிள்ளை வளர்க்க முடியுமா? தூத்துக்குடி துறைமுகத்துல க்ளார்க் அவர். கப்பல் வந்தாலும் கண் கலங்கும், போனாலும் கண் கலங்கும். அப்படிப்பட்ட மனுஷனைக் கட்டிக்கிட்டு, வீட்ல ஒருத்தியாவது கல்லா இருக்க வேணாமா? அந்தக் கல்லு நான்தான். யாராவது ஒருத்தர் கெட்ட பேர் வாங்கித்தானே ஆகணும். எனக்கென்ன, நான் வாங்கிட்டுப் போறேன்.

நான் கான்வென்ட்ல படிச்சவ அக்கா. கன்னியாஸ்திரிங்க கையில வளந்தவ. இப்ப வீட்ல சும்மா இருக்கேன்னு ஊர் சொல்லும். சும்மா இருந்து பாருங்க தெரியும்.

எனக்கு ஒரு அண்ணன். சகாயம்னு பேரு. அவனையும் இதே போர்டிங்லதான் போட்டாங்க. எங்க அம்மா விசிட்டிங் சண்டே தவறாமப் போவா. போய், அவன் தலையை மடியில போட்டுக்கிட்டு அவளும் அழுவா, அவனும் அழுவான். சுத்தி நிக்கிற பசங்க சிரிப்பானுங்க. ஒருநாள் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அவகூடவே பஸ் ஏறிட்டான். "போகட்டும், பிள்ளை உடம்பு தேறட்டும்"னா எங்க அம்மா. தேறிச்சே! இன்னைக்கு அம்பது வயசு தாண்டியாச்சு, கல்யாணம் இல்லை, காட்சி இல்லை, டாஸ்மாக் வாசல்ல வேட்டி ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். அம்மா இருந்தவரைக்கும் அவ சோறு போட்டா. இப்ப நான் போடுறேன். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவுறேன் பாருங்க, தினம் அப்ப நினைச்சுக்குவேன். என் பிள்ளை இப்படி ஒரு தங்கச்சி போடுற தட்டுல சாப்பிடக் கூடாது, ஆண்டவரே.

அதுக்குத்தான் போர்டிங். வேற எதுக்கு?

அது சும்மா இடம் இல்லை அக்கா. தாது வருஷப் பஞ்சத்துல ஆரம்பிச்சது. ஒரு பிரெஞ்சுக்கார சாமி, அப்பன் ஆத்தா செத்துப்போன பயலுகளைத் தேடிப் பிடிச்சு, பனையோலைக் கொட்டகையில வச்சு கஞ்சி ஊத்தினாராம். பஞ்சம் தெளிஞ்சதும் ஒரு வழக்கம் வச்சிருக்கார். சொந்தக்காரன் எவனாவது உசுரோட இருந்தா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கேட்டுக்கு வெளியே நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டா பையன் அவங்ககூடப் போகலாம். கூப்பிட ஆள் இல்லைன்னா அவன் போர்டிங் பிள்ளை. இவன் அப்பாவோட பூட்டன் அந்தக் கொட்டகையில நின்னவர்தான். அவரை யாரும் கூப்பிட வரலையாம். வராததுதான் நல்லதாப் போச்சு. படிச்சு வாத்தியார் ஆயிட்டார். அந்த வம்சத்துல தாசில்தார் உண்டு, சாமியார் உண்டு. கூப்பிட ஆள் வந்த பயலுக எல்லாம் எங்க மாடு மேய்ச்சானுங்களோ.

அந்த வழக்கம் இன்னைக்கும் இருக்கு. இப்ப மைக் வந்துருச்சு, அவ்வளவுதான். மாசத்துல முதல் ஞாயிறு. பெத்தவங்க எல்லாம் வராந்தாவுல, கையில தூக்குச்சட்டி, பிரியாணிப் பொட்டலம். பசங்க எல்லாம் எதிர்ல மைதானத்துல வரிசையா. டிசிப்ளின் பிரதர் கஸ்பார் மைக்குல நம்பரையும் பேரையும் கூப்பிடுவார். கூப்பிட்டவன் ஓடுவான். அந்த ஓட்டத்தைப் பாக்கணுமே நீங்க! செருப்பு ஒரு பக்கம் பறக்கும். கூப்பிடாதவன் மதிய மணி வரைக்கும் அப்படியே நிக்கணும். மணி அடிச்சதும் வரிசை கலையாம படிப்பு ஹாலுக்குப் போயிடணும்.

மத்த நாள்லயும் எல்லாம் மணிதான். விடியறதுக்கு முன்னால ஒரு மணி, எந்திரிக்க. தொட்டியடியில நின்னு குளிக்கணும், விசில் ஊதினா சோப்பு, திரும்ப ஊதினா தண்ணி. அப்புறம் பூசை. சாப்பிடும்போது பேசக் கூடாது, ஒரு பையன் மேடையில நின்னு புனிதர் சரித்திரம் வாசிப்பான். தலையை வெட்டினாங்க, தோலை உரிச்சாங்கன்னு அவன் வாசிக்க, இவனுங்க கேட்டுக்கிட்டே உப்புமா சாப்பிடணும். சட்டை, ஜட்டி, போர்வை எல்லாத்துலயும் நம்பர் தைச்சிருக்கணும். நான்தான் தைச்சேன், சிவப்பு நூல்ல. வீட்ல என்ன கிடைக்கும் இதெல்லாம்? இவன் அப்பா எழுப்பினா எட்டு மணிக்கு, அதுவும் காலை அமுக்கிவிட்டு எழுப்புவார்.

சேர்க்கும்போது வார்டன் சாமி இருதயராஜ் என்கிட்ட சொன்னார், "முதல் மாசம் மட்டும் வராதீங்கம்மா. முகத்தைப் பார்த்தா பையன் நிலைக்க மாட்டான்." எனக்கு அது வேதவாக்கு. எங்க அம்மாவுக்கு இதை யாராவது சொல்லியிருந்தா என் அண்ணன் மனுஷனாயிருப்பான். சாமி ஒரு மாசம்னார். ஒரு மாசத்துல நிலைக்கிறவன் ஒரு வருஷம் என் முகத்தைப் பார்க்கலைன்னா இன்னும் எவ்வளவு நல்லா நிலைப்பான்? நான் வருஷம் பூராவும்னு முடிவு பண்ணிட்டேன்.

அதுக்காகப் போகாம இருந்தேன்னு நினைக்காதீங்க. எந்தத் தாய்க்கு மனசு வரும்? போனேன் அக்கா. ஒரு விசிட்டிங் சண்டே விடலை. கருக்கல்ல முதல் பஸ், திருநெல்வேலியில மாறி ரெண்டாவது பஸ். பின் வாசல் வழியா கோயிலுக்குள்ள போயிடுவேன். அங்க பாட்டுக்காரங்க நிக்கிற மாடம் ஒண்ணு மேல இருக்கு. சுருட்டுப் படியில ஏறணும், என் முட்டிக்கு அது சிலுவைப் பாதைதான். மேல ஒரு வட்ட ஜன்னல், கண்ணாடி பாதி உடைஞ்சது. அது வழியாப் பார்த்தா மைதானம் பூராவும் தெரியும். அங்க ஒரு பெஞ்சைப் போட்டு உக்காந்து என் பிள்ளையைக் கண் நிறையப் பார்த்துட்டு, மதிய மணி அடிச்சு மைதானம் காலியானதும் வந்த வழியே போயிடுவேன். அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரியாது. "பிள்ளை எப்படி இருக்கான், என்ன சொன்னான்"னு மனுஷன் துளைச்சு எடுப்பார். "நல்லா இருக்கான்"னு சொல்வேன். பொய்யா? நல்லாத்தானே நின்னுக்கிட்டிருந்தான்.

வெறுங்கையோடயும் போக மாட்டேன். முந்திரிக்கொத்து செஞ்சு எடுத்துட்டுப் போவேன். சனிக்கிழமை பூராவும் பயறு வறுக்கிறதும் பாகு காய்ச்சுறதுமா அடுப்படியிலதான். என் முந்திரிக்கொத்து வேற மாதிரி இருக்கும். ஏலக்காய் போட மாட்டேன், சுக்குதான், கூட ஒரு சிட்டிகை மிளகு. அதை வார்டன் சாமிகிட்ட குடுத்து, "யாரும் வராத பசங்களுக்குப் பொதுவுல வச்சுருங்க சாமி, யார் குடுத்ததுன்னு சொல்லாதீங்க"ன்னுருவேன். சாயங்காலம் அந்தப் பசங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுப்பாங்க. இவனுக்கும் ஒண்ணு கிடைச்சுரும். பலகாரம் பிள்ளை வாயிலயும் போயிடுச்சு, அவன் கெட்டும் போகலை. எப்படி என் ஏற்பாடு?

என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

வார்டன் சாமியே ஒருதடவை இளகிட்டார். சுருட்டுப் படியில பாதி ஏறி வந்து, "போதும்மா, இன்னைக்கு இறங்கி வாங்க. பையன் நின்னுக்கிட்டே இருக்கான், மைக்குல கூப்பிடச் சொல்றேன்"னார். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "சாமி, நீங்களே இப்படின்னா நாங்க யாரை நம்பிப் பிள்ளையை விடறது?"ன்னேன். மனுஷன் இறங்கிப் போயிட்டார். இந்தக் காலத்துச் சாமியார்களுக்கு வைராக்கியம் கம்மி.

பிஸ்கட்டா? வேணாம் அக்கா, அவனுக்குக் குடுக்காதீங்க. வழியில தின்னா வாந்தி எடுப்பான். சரி, குடுத்துட்டீங்க, வச்சுக்கட்டும். தேங்க்ஸ் சொல்லுடா. சொல்ல மாட்டான்.

காது எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? அதைத்தான் சொல்ல வர்றேன். இவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். மதிய மணி அடிச்சதும் மத்தவன் எல்லாம் வரிசையாப் போவான், இவன் மட்டும் வரிசையை விட்டு நழுவி வந்து கொடிமரத்துக்குப் பக்கத்துல நின்னுக்குவான். நின்னு, தலையை அண்ணாந்து கோபுரத்தையே பார்ப்பான். கோபுரத்துல புறா நிறைய. நான் உக்காந்திருக்கிற ஜன்னலுக்கு மேலேயும் கீழேயும் எல்லாம் புறாதான். எவ்வளவு நேரம்னாலும் அதையே பார்த்துக்கிட்டு நிப்பான். வீட்ல புறாவை ஏறெடுத்துப் பார்த்தவன் இல்லை. பிரதர் கஸ்பார் விசில் ஊதுவார், அசைய மாட்டான். பேர் சொல்லிக் கத்துவார், அசைய மாட்டான். வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவார். அடுத்த மாசம் திரும்பவும் அதே இடம். பிரதர் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? சின்ன வயசு அவருக்கும், குருப்பட்டத்துக்குப் படிக்கிறவர்.

ஒரு ஞாயிறு வந்தார், விட்டார் ஒரு அறை. ஒண்ணே ஒண்ணு. சத்தம் மாடம் வரைக்கும் கேட்டுச்சு. புறா எல்லாம் படபடன்னு பறந்துபோச்சு.

நான் பார்த்தேனான்னா? பார்த்தேன். இந்தக் கண்ணால பார்த்தேன். பெத்த வயிறு அக்கா, எரியாதா? கையில இருந்த ஜெபமாலையை இழுத்த இழுப்புல அறுந்து, மணியெல்லாம் படியில உருண்டுச்சு. உதட்டைக் கடிச்சதுல ரத்தம் வந்துருச்சு எனக்கு. ஆனா இறங்கலை. நான் மட்டும் அன்னைக்கு இறங்கியிருந்தேன்னு வைங்க, எங்க அம்மாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பெஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இவன் பிடிவாதத்தைப் பாருங்க, அறை வாங்கி, கன்னத்தைக் கையால பொத்திக்கிட்டு, அப்பவும் மேலதான் பார்க்கிறான். புறாவே இல்லை அங்க! எல்லாம் பறந்துபோச்சு. அப்பவும் மேலேயே பார்த்துக்கிட்டு நிக்கிறான்.

அடுத்த மாசம் போனப்ப, தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு நின்னான். நேரா நிக்கலை. சினிமாக்காரனைப் பார்த்துப் பழகிட்டான் போலன்னு எனக்கு எரிச்சல். கீழே வந்து வார்டன் சாமிகிட்டயே சொன்னேன், "தலையை நேரா வச்சு நிக்கச் சொல்லுங்க சாமி, கோணல் பழகினா அப்புறம் நிமிராது." சொன்னாங்க போல. அதுக்கடுத்த மாசம் நேராத்தான் நின்னான். முகம் மட்டும் வெளிறிப்போய் கிடந்துச்சு. உள்ளே சீழ் வச்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு உயரத்துலேருந்து காதுக்குள்ளேயா தெரியும்? சிக் ரூம்ல எண்ணெய் காய்ச்சி ஊத்தியிருக்காங்க. காய்ச்சல் தலைக்கேறி நினைவு தப்பினப்பதான் வீட்டுக்குப் போன் பண்ணினாங்க.

பாளையங்கோட்டையில பெரிய டாக்டர். பார்த்துட்டு, "இவ்வளவு நாள் யாருமே கவனிக்கலையா? தலையைச் சாய்ச்சிருப்பானே, பார்த்தாலே தெரிஞ்சிருக்குமே"ன்னு கத்தறார். இவன் அப்பா என் முகத்தைப் பார்க்கிறார். நான் சொன்னேன், "போர்டிங்ல இருக்கிற பிள்ளையை நாங்க எங்க டாக்டர் பார்க்கிறது?" வேற என்ன சொல்ல முடியும்? அந்த ஆள்கிட்டப் போய் மாடம், ஜன்னல்னு விளக்கிக்கிட்டிருக்கவா?

ஒரு காது போனா என்ன அக்கா? இன்னொண்ணு இருக்கு. ஒரு காதை வச்சுக்கிட்டு கலெக்டர் ஆக முடியாதா? முன்னைவிட இப்ப முகத்துல ஒரு அழுத்தம் வந்திருக்கு, கவனிச்சீங்களா? அழறதில்லை. எதுவும் கேக்கறதில்லை. காலையில பெட்டியை எடுன்னதும் எடுத்துட்டு வந்து நின்னான். போர்டிங் சும்மா விடலை, ஏதோ செதுக்கியிருக்கு. இவன் அப்பாவுக்கு அது தெரிய மாட்டேங்குது. பிரதர் கஸ்பார் இன்னும் அங்கதானான்னு கேக்கறார். ஆமா அங்கதான், வேற எங்க போவார்? பேசாம, "இவன் கிட்ட இனிமே அடிக்காம சொல்லிப் புரிய வைங்க பிரதர்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா முடிஞ்சுது.

என்னது? அக்கா, இப்ப யார் பேசினது? இவனா? உங்ககிட்ட என்னமோ சொன்னானே. என்னடா? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரைச்சல்ல கேக்கலை. சுக்கா? எந்தச் சுக்கு?

ரெண்டு மாசத்துக்கு அப்புறம் வாயைத் திறக்கிறான், அதுவும் என்கிட்ட இல்லை. கேட்டீங்களா என்ன சொல்றான்னு? "சுக்கு போட்ட முந்திரிக்கொத்து எங்க வீட்ல மட்டும்தான், முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும்"ங்கறான். தெரிஞ்சுதா உனக்கு? அப்ப நாங்க இவ்வளவு நேரம் பேசினது? அந்தப் பக்கத்து நல்ல காதுல கேட்டுதா? எல்லாமே கேட்டுதா? இரு, நீ முழுசாச் சொல்லு. தின்னதும் தெரிஞ்சுது, சரி. மாடத்துல நான் இருந்தது எப்படித் தெரியும்? சேலையா? உடைஞ்ச கண்ணாடி வழியா என் சேலை தெரிஞ்சுதாமா அக்கா. ஊதாச் சேலை. கொடிமரத்துக்கிட்ட நின்னாத்தான் தெரியுமாம், வேற எங்க நின்னாலும் தெரியாதாம்.

அப்ப புறாவைப் பார்க்கலையா நீ?

பார்த்தீங்களா அக்கா. எவ்வளவு அழுத்தம் பார்த்தீங்களா! தெரிஞ்சே நின்னிருக்கான். ஒரு மாசம் இல்லை, எல்லா மாசமும். வாயைத் திறந்து அம்மான்னு ஒரு தடவை கூப்பிட்டானா? கூப்பிடலை. ஏன்டா கூப்பிடலை? சொல்லு, ஏன் கூப்பிடலை? என்ன? "நீங்கதானே கூப்பிடணும்"ங்கறான். அது சரி. அதுதானே அங்க வழக்கம், பெத்தவங்கதான் கூப்பிடணும். ஆமா. வழக்கம் அதுதான். சரியாத்தான் சொல்றான்.

எனக்கு ஒண்ணும் இல்லை அக்கா. தூசி. ஜன்னலைச் சாத்துங்கன்னா யாரும் சாத்த மாட்டாங்க இந்த பஸ்ல. நீங்க எதுக்கு என் கையைப் பிடிக்கறீங்க, விடுங்க. நான் அழுமூஞ்சி இல்லை. எங்க அம்மாதான் அழுமூஞ்சி.

பாலம் வந்துருச்சு. தனிஸ், பிஸ்கட்டைப் பாக்கெட்ல போடு. சட்டையை இழுத்துவிடு. கோபுரம் தெரியுது பார். இனிமேல் நான் மாடத்துல உக்கார மாட்டேன்டா, போதுமா? வரவே மாட்டேன். வந்தாத்தானே நீ வரிசையை விட்டு வர்றே. வரலைன்னா ஒழுங்கா நேரா ஹாலுக்குப் போயிடுவே. முதல்லயே தெரிஞ்சிருந்தா அப்பவே வர்றதை நிறுத்தியிருப்பேன். எல்லாம் நல்லதுக்குத்தான். போர்டிங் ஸ்டாப், கண்டக்டர்! ரெண்டு பேர் இறங்கணும், ஒரு பெட்டி இருக்கு, பொறுங்க.

அப்ப வர்றேன் அக்கா. மகளைக் கேட்டதாச் சொல்லுங்க. நான் எந்திரிச்சுட்டேன், நீங்க கொஞ்சம் காலை மடக்கிக்கிட்டீங்கன்னா அவன் வந்துருவான். பெட்டியை நான் வெளியே இழுத்துக்கறேன். தனிஸ், எந்திரி.

அக்கா, காலை மடக்குங்க.

நிறுத்துங்க கண்டக்டர், இன்னும் பையன் இறங்கலை! என்ன அக்கா, முட்டியை இப்படி முன் சீட்டோட முட்டுக்குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தா அவன் எப்படி வருவான்? மணி அடிக்கிற நேரம் ஆச்சு. அவன் மேல ஏன் கையைப் போட்டிருக்கீங்க? எடுங்க. விசில் ஊதிட்டார், பஸ் நகருது. நான் படியில நிக்கிறேன், பெட்டி கீழே இறங்கிடுச்சு. டேய் தனிஸ், நீயாவது வா. உங்ககிட்டதானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கிட்டு வந்தேன், என்னத்தைக் கேட்டீங்க நீங்க? ஏங்க, காலை எடுங்க. உங்களுக்குமா காது கேக்கலை?